பி.எஃப். பணத்தில் கட்டிய அறை

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் சேர்ந்து, அதே கம்பெனியின் செக்கிங் டேபிளில் ஓய்வு பெற்றவள் நான். ஷூவின் மேல்பாகம் தைத்து வரும். தையல் விலகியிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, சரியில்லாததை ஒதுக்கி வைப்பது என் வேலை. வேலூரிலிருந்து கம்பெனி வேனில் போய் அதே வேனில் திரும்புவேன். என் கணவர் வேலூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் வீடு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்னால் போயே ஆகவேண்டிய ஒரு சந்தில் இருக்கிறது.

ஐம்பத்தெட்டு நெருங்கும்வரை ஓய்வைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசியதே இல்லை. அவருக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆட்டோக்காரருக்கு வயது பார்த்து மாலை போட்டு யார் அனுப்பப் போகிறார்கள்? பி.எஃப்., பென்ஷன் எல்லாம் என் பேரில்தான். அவருடைய சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்கூட என்னுடைய தொழிலாளர் காப்பீட்டு அட்டையில்தான் வந்துகொண்டிருந்தன. வீட்டில் அதைக் கார்டு என்று மட்டும் சொல்வோம்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்து மாத்திரையைப் பிரித்துக்கொண்டே அவர் கேட்டார்.

"நீ வேலைல இருந்து நின்னுட்டா கார்டும் நின்னுடுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாத்திரைகளை வெளியே கடையில் வாங்கினால் என்ன ஆகும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

கம்பெனியில் என் பக்கத்து டேபிளில் நின்றவர் மேல்விஷாரத்துக்காரர். எனக்கு ஒரு வயது மூத்தவர். அவர்கள் வீட்டில் அக்காவை ஆபா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். எனக்கு முந்தின வருஷமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன்.

"அதுக்கு ஏன் இப்டி பேஜாராவுற?" என்றார் ஆபா. "கார்டு நின்னுடும்னு யாரு சொன்னது? வருஷத்துக்கு ஒரு தபா பணம் கட்டணும், அவ்ளோதான். ஒரு பிரியாணி துன்ற காசுதான் ஆவும். உனக்கும் உங்க வூட்டுக்காரருக்கும் மாத்திரை, ஊசி எல்லாம் குடுப்பாங்க. நான் இந்த வருஷத்துக்குக் கட்டிட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் ஆபா இன்னொன்றும் சொன்னார்.

"ஆனா ஒண்ணு. ஹார்ட்டு, கிட்னினு பெருசா வந்தா இத மட்டும் நம்பி உக்காராத. அதுக்கு வேற பணம் வச்சுக்கோ. பி.எஃப். வந்த ஒடனே ஆளாளுக்கு வந்து யோசனை சொல்லுவாங்க, பாரு."

அவர் சொன்னபடியே ஆயிற்று. தெருவில் ஒருவர் வங்கியைவிடப் பல மடங்கு வட்டி தருகிற ஃபைனான்ஸ் ஒன்றைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அப்படிப் பணத்தைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறோம். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். மருத்துவ இன்சூரன்ஸ் போடச்சொல்லி ஓர் இளைஞர் வந்தார். பொறுமையான பையன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால் அது சம்பந்தமான நோய்களுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் பணம் கிடைக்கும் என்றார்.

"மூணு வருஷம் எனக்கு நெஞ்சு வலி வராதுன்னு எழுதிக் குடுப்பியா தம்பி?" என்று கேட்டார் இவர். அந்தப் பையனும் சிரித்துவிட்டான். வருஷா வருஷம் கட்டவேண்டிய தொகையைக் கேட்டதும் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்களுக்கு ஒரே மகன். ஓசூரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். பணம் கைக்கு வந்த வாரம் மனைவி, குழந்தையுடன் வந்தான். அவன் நினைத்தது வேறு.

"மா, மேல ஒரு மாடி போட்டுடலாம். நாளைக்கு நாங்க இங்கயே வந்தாலும் இருக்கலாம். உங்களுக்கும் தொணையா இருக்கும்."

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. மாடிப்படியில் உட்கார்ந்து பேரன் பாடம் படிப்பதை மனசுக்குள் பார்த்தும் வைத்திருந்தேன். ஆனால் மாடி கட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

வழி சொன்னவர் என் கணவர்தான். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் ஒன்று இருந்தது. அவருடைய பழைய டயர்களும் உடைந்த சீட்டும் அதில் கிடந்தன. ஒருநாள் அதன் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இத இடிச்சுட்டு ஒரு ரூம் போடலாம். சமையக்கட்டு, பாத்ரூமோட. ஸ்டேஷன்ல இருந்து என் வண்டில ஏர்றவங்க மொதல்ல கேக்கறதே சமைச்சு சாப்புடற மாதிரி ரூம் கெடைக்குமானுதான். முப்பது வருஷமா அடுத்தவன் லாட்ஜ்ல எறக்கி விட்டுட்டு இருக்கேன்."

வடக்கே வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நிறைந்த ஊர் எங்கள் ஊர். அவர் சொன்னது எனக்குச் சரியென்று பட்டது. பணத்தை மூன்றாகப் பிரித்தோம். பெரிய பங்கு, மூத்த குடிமக்களுக்கான கணக்கில் தபால் ஆபீஸில் போட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், என் பென்ஷனோடு சேர்ந்தால் இருவர் சாப்பாட்டுக்குத் தாராளம். இன்னொன்று வங்கியில் டெபாசிட், உடம்புக்கு என்று. மீதியில் அந்த அறை.

மகனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "மாடி இப்ப வேணாம்பா" என்றேன். "சரிம்மா" என்று போனை வைத்தான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பேசுவது நின்றுபோனது. மருமகள்தான் பேசுவாள். பின்னால் டி.வி. சத்தத்தோடு அவன் குரலும் கேட்கும். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அறை முடிந்த வாரமே ஆள் வந்தது. வாடகை விஷயத்தில் இவர் கண்டிப்பாக இருந்தார்; பக்கத்து லாட்ஜைவிடக் கம்மியாகத்தான் வாங்கவேண்டும் என்றார். "நோவோட வர்றவங்க கிட்ட ஜாஸ்தி வாங்குனா அது நமக்கு ஒட்டாது." சிலர் ஒரு வாரம் இருப்பார்கள், சிலர் ஒரு மாதம். போகும்போது சிலர் அழுதுவிட்டுப் போவார்கள், சிலர் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் வங்காளத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஏறக்குறைய எங்கள் வயதுதான். அந்த அம்மாவுக்கு இருதய வால்வில் கோளாறு, ஆபரேஷன் செய்யவேண்டும். எங்களுக்குள் பேச்சு பாதி இந்தி, பாதி தமிழ், மிச்சம் கை ஜாடை. இவர் சவாரிக்காகவே இந்தி கற்றவர். நான் கம்பெனியில் ஆபாவோடு நின்று உருதுவைக் காதில் வாங்கியவள். எப்படியோ ஒப்பேற்றினோம். காலையில் பின்கட்டிலிருந்து கடுகு எண்ணெய் நெடி வரும். முதல் இரண்டு நாள் எனக்குக் கண் எரிந்தது. பிறகு நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை வட்டமாக அரிந்து அந்த எண்ணெயில் பொரித்து ஒரு தட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து நெடியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அவர்களுடைய நிதானம். எங்கள் அறையில் தங்கியவர்களில் பலர் போனிலேயே இருப்பார்கள். தம்பியிடம் கேள், மாமாவிடம் கேள், நிலத்தை விற்க ஆள் பார் என்று. இவர்கள் அப்படி இல்லை. ஒரு சாயங்காலம் வாத்தியார் எங்கள் வாசலில் உட்கார்ந்து என் கணவரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு செலவைப் பற்றித் திரும்பியது. அவர் இந்தியில் நீளமாக எதையோ சொன்னார். எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. இவர் எனக்குத் தமிழில் சொன்னார்:

"ரெண்டு பேரும் நல்லா இருக்கும்போதே பேசி முடிச்சுட்டாங்களாம். கையில இருக்கறதுல பாதி வைத்தியத்துக்கு. அது தீந்துட்டா அதுக்கு மேல செலவு பண்ணக்கூடாது. இன்னொரு பாதி, கடைசில யாரு மிஞ்சறாங்களோ அவங்களுக்கு. புள்ளைங்க கிட்டயும் சொல்லிட்டாங்களாம்."

நாங்கள் பணத்தை மூன்றாகப் பிரித்தோமே தவிர, யார் மிஞ்சுவார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை. அதைப் பேசினாலே ஏதாவது நடந்துவிடும் என்கிற பயம். மறுநாள் காலை, அவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நானே ஆரம்பித்தேன்.

"ஏங்க, நாமும் பேசிடலாமா?"

துணியைப் பிழிந்து போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணுன்னா பேங்க்ல இருக்கற பணம் வரைக்கும் பாரு. தபால் ஆபீஸ் பணத்தத் தொடாத. அந்த வட்டில நீ சாப்புடணும்."

"எனக்குன்னா?"

"உனக்குன்னா ஆட்டோவ வித்துடுவேன்."

"இத எவன் வாங்குவான்?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அதே கணக்குத்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து காபி போடப் போனேன். நெஞ்சு லேசாக இருந்தது. அன்று மதியம் மகனுக்கு போன் செய்து, எந்தப் பணம் எங்கே இருக்கிறது, எது எதற்கு, டெபாசிட்டில் யார் பெயர் போட்டிருக்கிறோம் எல்லாம் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். "இதெல்லாம் நீங்க யோசிச்சு வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றான். அடுத்த ஞாயிறு அவனே கூப்பிட்டான்.

அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அறைக்குத் திரும்பி ஓய்வில் இருந்தார்கள். ஒருநாள் முற்பகல் என் கணவர் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். வாயு பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, இவருக்குச் சட்டை முழுக்க வேர்வை. நான் பெருங்காயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பிடிக்க வந்த வாத்தியார் இவர் முகத்தைப் பார்த்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, வாயு இல்லை. ஹார்ட். இப்போ போகும். இப்போவே."

சந்து முனையில் நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு ஏற்றினோம். பெரிய ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் இவர், பழக்கதோஷத்தில், "இங்கயே நிறுத்துப்பா, நம்ம வண்டிய உள்ள வுடமாட்டாங்க" என்றார். அந்த வாசலுக்கு எத்தனை ஆயிரம் பேரைக் கொண்டுவந்து விட்டிருப்பார்! உள்ளே ஒருநாளும் கால் வைத்ததில்லை. நானும்தான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி, ஆனால் எங்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. வங்காளத்திலிருந்து வந்த மனிதருக்கு ஒவ்வொரு கவுன்ட்டரும் தெரிந்திருந்தது. அவசரப் பிரிவு எந்தப் பக்கம், பணம் எங்கே கட்டுவது, ரத்தப் பரிசோதனை முடிவு எங்கே வாங்குவது எல்லாம். என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்.

"நீ உக்காரு அம்மா. நான் போகும், நான் வரும்."

அப்படியே போனார், வந்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல டாக்டர் எனக்கு மெதுவாக விளக்கினார். ரத்தக்குழாயில் ஓர் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்கவேண்டும், தாமதிக்காமல் கொண்டுவந்தது நல்லது. முன்பணம் கட்டச் சொன்னார்கள். பக்கத்திலேயே வங்கி. டெபாசிட்டை எடுக்கவேண்டும் என்றேன்.

"முதிர்வுக்கு முன்னாடியே எடுத்தா வட்டி கொறையும்மா, பரவால்லயா?" என்று கேட்டது அங்கே இருந்த பெண்.

"இதுக்குன்னுதாம்மா போட்டது."

காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவர் பிழைக்கவேண்டுமே என்கிற பயம் இருந்தது. ஆனால் அந்த ஒரு பயம்தான். என் அப்பா படுத்தபோது எங்கள் வீட்டில் இரண்டு பயம் இருந்தது. யாரிடம் கேட்பது என்று என் அம்மா தெருவில் நின்றது எனக்குத் தெரியும். அந்த இரண்டாவது பயம் அன்று எனக்கு இல்லை.

சாயங்காலம் மகன் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தான். ஓடிவந்த மூச்சோடு, "எவ்ளோ கட்டணும்மா? நான் லோன் போட்டுடறேன்" என்றான்.

"கட்டியாச்சுப்பா. ஸ்டென்ட் வச்சாச்சு. அப்பா தூங்கறாரு."

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். 

"மாடி கேட்டத மனசுல வச்சுக்காதம்மா."

"எனக்கும் மாடி வேணும்தான். நீ சம்பாதிச்சுக் கட்டு, நான் ஏறிப் பாக்கறேன்."

சிரித்தான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாக, அவன் கம்பெனியில் எல்லோருக்குமாகப் போடுகிற மருத்துவ இன்சூரன்ஸில் அப்பா அம்மாவையும் சேர்க்கலாம், சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள் என்றான். முன்னாலிருந்தே வியாதி உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்வார்களாம். "வருஷா வருஷம் ஹெச்.ஆர்.ல கேப்பாங்க. நான்தான் வேணாம்னு டிக் பண்ணிட்டு இருந்தேன்" என்றான். அடுத்த தடவை கேட்டபோது எங்களைச் சேர்த்துவிட்டான். அந்தச் செய்தியை போனில் சொன்னபோது என் கணவர், "இப்ப சொல்லு, இனிமே தைரியமா நெஞ்சு வலிக்கலாமா?" என்று கேட்டு மகனிடம் திட்டு வாங்கினார்.

இப்போது அவர் காலையில் கோட்டை அகழியைச் சுற்றி நடக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சவாரி மட்டும் ஓட்டுகிறார். இருதய மாத்திரைகளையும் கார்டிலேயே வாங்கிக்கொள்கிறோம். மாதம் ஒருமுறை க்யூவில் நிற்கும்போது ஆபாவைப் பார்த்துப் பேசவும் வசதி. பின்கட்டு வாடகையைத் தொடாமல் வங்கியில் போட்டுக்கொண்டே வந்ததில், ஸ்டென்டுக்கு எடுத்த பள்ளம் பாதிக்குமேல் தூர்ந்துவிட்டது.

வாத்தியாரும் அவர் மனைவியும் கிளம்பின அன்று காட்பாடி ஸ்டேஷனுக்கு இவரே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார், டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொன்ன கெடு முடிந்து முதல் சவாரி. ஒருமுறை தங்கள் ஊருக்கு நாங்கள் வரவேண்டும் என்று அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அந்த மாதிரி எத்தனையோ பேர் சொல்லிவிட்டுப் போவார்கள், நாம் போகவா போகிறோம்?

தபால் ஆபீஸ் வட்டி வந்த ஒருநாள் இவர்தான் ஆரம்பித்தார்.

"நோவுக்கு மட்டுந்தான் பணம் வைக்கணுமா? கால் நல்லா இருக்கும்போது எங்கனா போக வேணாமா?"

பொங்கல் முடிந்து வாத்தியார் ஊருக்குக் கிளம்பினோம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து எடுத்துக்கொண்டு, பின்கட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் காட்பாடியில் ஏறினோம். பெட்டி முழுக்க வைத்தியம் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள். ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறைகள் ஒவ்வொரு பர்த்திலும் கிடந்தன. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இருவரில் யாருக்கு என்ன வியாதி என்று இந்தியில் கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஊர் பாக்கப் போறோம்" என்றார் இவர், இந்தியில்.

அந்த அம்மா நம்பவில்லை. பக்கத்தில் இருந்த தன் கணவரிடம் ஏதோ சொன்னார். வேலூரிலிருந்து வியாதி இல்லாமல் இரண்டு பேர் இந்த ரயிலில் வருகிறார்கள் என்று அவர் இன்னொருவரிடம் சொல்ல, பேச்சு அப்படியே அடுத்த பர்த்துக்குப் போயிற்று. எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். நான் எங்கள் முறுக்கை எடுத்து நீட்டினேன்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் ரயில் கோதாவரிப் பாலத்தில் ஏறியது. நான் ஜன்னல் ஓரம் இருந்தேன். பாலாற்றில் மணலைப் பார்த்தே வயதானவள். கரை தெரியாத அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் மேல் பர்த்தில் படுத்திருந்தவரை உலுக்கி எழுப்பினேன். குனிந்து பார்த்தார். "இன்னா இது, இவ்ளோ தண்ணி!" என்று அவர் போட்ட சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.